நம்பிக்கை எந்த இடத்தில் கைமாறாமல் நின்றுபோகிறது? குமரி மாவட்டத்திலிருந்து ஒரு விளக்கம்

இங்கிலாந்தில் சர்ச்சுகளை விற்கிறார்கள், ஜிம்மாக்குகிறார்கள், குடியிருப்பாக்குகிறார்கள் என்று ஒரு வீடியோ நம் ஊர் வாட்ஸ்அப் குரூப்புகளில் அடிக்கடி சுற்றி வரும். சபை குரூப்பில் வந்தால் "கடைசி காலம்" என்று கீழே எழுதுவார்கள். வேறு குரூப்பில் வந்தால் "அனுப்பினவனே விட்டுட்டான், இங்க உள்ளவன் இன்னும் பிடிச்சிட்டு நிக்கான்" என்பார்கள். காலேஜ் பையன்கள் குரூப்பில் "படிப்பு வந்தா சாமி போயிரும்" என்று முடித்துவிடுவார்கள். மூன்றுமே நடந்ததோடு சரியாகப் பொருந்தவில்லை. நடந்தது என்ன என்பதை நிதானமாகப் பார்த்தால் நம் மாவட்டத்தைப் பற்றியே சில விஷயங்கள் தெளிவாகின்றன, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் இன்றும் ஞாயிறு சபைக்குப் போகிறவன், அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலிச் சர்ச்சுகளுக்கும் குமரிக்கும் நேரடி உறவு உண்டு. 1806ல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே பிரஷ்யாக்காரர், ஜெர்மன் பேசுகிறவர். அவரை அனுப்பியது லண்டன் மிஷனரி சங்கம். அதே சங்கம்தான் பிறகு நாகர்கோவிலுக்கு மீட் ஐயரை (சார்லஸ் மீட் பாதிரியாரை) அனுப்பியது, 1838ல் நெய்யூரில் ஆஸ்பத்திரி வைத்தது. 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப்போன டாக்டர் சாமர்வெல் ஊருக்குத் திரும்பிப் பெரிய டாக்டராக உட்காராமல் நெய்யூரில் வந்து ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார் என்றால் அதற்கும் பின்னால் இருந்தது அந்தச் சங்கம்தான். இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் காங்கிரிகேஷனல் சபைகளில் ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டில் சாதாரண ஜனங்கள் போட்ட சில்லறைதான் அதில் பெரும்பங்கு. அந்தச் சபைகளில் பெரும்பாலானவை 1972ல் பிரஸ்பிட்டேரியன்களோடு இணைந்து ஐக்கிய சீர்திருத்த சபை என்று ஆனபோது உறுப்பினர்கள் 2 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இன்று 50,000க்கும் கீழே. நம் பூட்டன்மாருக்கு எழுத்துச் சொல்லித்தரப் பணம் அனுப்பிய சபை, ஒரு மனுஷ ஆயுசுக்குள் முக்கால்வாசி கரைந்துபோயிற்று. இன்னொரு பக்கம், குமரியிலிருந்து போன கத்தோலிக்கக் குருக்கள் இன்று ஜெர்மனியிலும் இத்தாலியிலும் பங்குகளை நடத்துகிறார்கள், ஏனென்றால் அங்கே குருமடத்துக்கு ஆள் வருவதில்லை. இருநூறு வருஷத்தில் போக்குவரத்து திசை மாறிவிட்டது.

சரி, கணக்கு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தன்னைக் கிறிஸ்தவர் என்று சொன்னவர்கள் 2001 கணக்கெடுப்பில் 72%, 2011ல் 59%, 2021ல் 46%. "எந்த மதமும் இல்லை" என்றவர்கள் அதே இருபது வருஷத்தில் 15%லிருந்து 37% ஆனார்கள். அயர்லாந்தில் 1970களின் தொடக்கத்தில் பத்தில் ஒன்பது கத்தோலிக்கர் வாராவாரம் பூசைக்குப் போனார்கள். 2022 கணக்கெடுப்பில் கத்தோலிக்கர் என்று பெயரளவில் சொன்னவர்களே 69%தான். அமெரிக்காவில் ஏதாவது ஒரு சர்ச், யூத ஆலயம் அல்லது மசூதியில் உறுப்பினராக இருந்தவர்கள் 1999ல் 70%, 2020ல் 47%. கிறிஸ்தவ நாடுகள் மட்டும் என்று நினைக்க வேண்டாம், தென்கொரியாவில் 2015 கணக்கெடுப்பில் 56% பேர் மதமில்லை என்று பதிந்தார்கள். அதே நேரம் இது நேராகச் சறுக்கிக்கொண்டே போகும் கோடும் இல்லை. அமெரிக்காவில் 2019, 2020 வாக்கில் இருந்து கிறிஸ்தவர்களின் பங்கு அறுபது சதவீதத்தைச் சுற்றியே நிற்கிறது.

இந்த எண்களைப் பார்த்ததும் நமக்கு மனதில் வரும் படம், ஒரு ஆள் நாற்பது வயதில் புத்தகம் படித்து, யோசித்து, "கடவுள் இல்லை" என்று முடிவெடுத்து எழுந்து போகிறார் என்பது. அப்படிப்பட்டவர்கள் உண்டு, அவர்கள் மனசாட்சியோடு எடுக்கும் முடிவை நான் மதிக்கிறேன். ஆனால் எண்ணிக்கை விழுந்தது அவர்களால் இல்லை. பிரிட்டனில் டேவிட் வோஸ் என்ற மக்கள்தொகை ஆய்வாளர் இதைத் துருவிப் பார்த்தார். தனிமனிதர்கள் வயதாக ஆகப் பெரிதாக மாறுவதில்லை, இருபது வயதில் சர்ச்சுக்குப் போனவர் எழுபதிலும் ஏறக்குறைய போகிறார். மாறுவது தலைமுறை. அவர் கண்டது இவ்வளவுதான்: அப்பா அம்மா இரண்டு பேரும் மதப்பற்று உள்ளவர்களாக இருந்தால் அது பிள்ளைக்கு வந்து சேர்வது பாதிக்குப் பாதி. ஒருவர் மட்டும் என்றால் கால்வாசி. இரண்டு பேருக்கும் இல்லை என்றால் பிள்ளைக்கும் அனேகமாக இல்லை. மதமில்லாமை முழுதாகக் கைமாறுகிறது, மதம் பாதிதான் கைமாறுகிறது. இப்படியே போனால் ஒரு தலைமுறைக்கு ஒரு பாதி குறையும். யாரும் சண்டை போட வேண்டாம், யாரும் விட்டுப் போக வேண்டாம், பெரியவர்கள் இறந்துபோகப் போக பெஞ்சு தானாகக் காலியாகும்.

இதனால்தான் "படிப்பு வந்தா சாமி போயிரும்" என்ற விளக்கம் நிற்க மாட்டேன் என்கிறது. படிப்புதான் காரணம் என்றால் தமிழ்நாட்டிலேயே முதலில் காலியாக வேண்டியது நம் மாவட்டம். 2011 கணக்கெடுப்பில் குமரியின் எழுத்தறிவு 91.75%, மாநிலத்திலேயே முதலிடம். வாதம் செய்து மதத்தைத் தோற்கடிக்க முடியும் என்றாலும் நம் மண் அதற்கு நன்றாகவே உழுது வைக்கப்பட்டது. பூதப்பாண்டியில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா இந்த மண்ணின் மைந்தர், ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிரிக்க வைத்தே மூடநம்பிக்கைகளைக் கேள்வி கேட்டார், பெரியார் ஏறக்குறைய அரை நூற்றாண்டு தமிழ்நாடு முழுக்கப் பேசினார். சாதியைக் கேள்வி கேட்கிற துணிச்சலை இவர்கள் விதைத்தார்கள், அது பெரிய காரியம். ஆனால் கோயிலுக்குப் போகிற பழக்கத்தை இவர்களால் குறைக்க முடியவில்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு நிறுவனம் 2019, 2020ல் இந்தியா முழுக்க சுமார் 30,000 பேரிடம் கேட்டபோது 97% பேர் கடவுளை நம்புகிறேன் என்றார்கள். இங்கிலாந்திலோ நாத்திகத்துக்கு இந்த அளவு மக்கள் இயக்கம் ஒன்று இருந்ததே கிடையாது, அங்கே தட்டிக் கேட்க ஆளில்லாமலே சர்ச் காலியாயிற்று.

அப்படியானால் எது குறைக்கிறது? ஆய்வாளர்கள் நூறு வருஷமாக இதில் மல்லுக்கட்டுகிறார்கள். மாக்ஸ் வெபர், உலகம் கணக்குப் போட்டுப் புரிந்துகொள்ளக்கூடியதாக ஆக ஆக அதன் மாயம் கலைகிறது என்றார். பீட்டர் பெர்கர் 1960களில், பல மதங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எதுவும் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டதாக இருக்க முடியாது, அதனால் எல்லாம் தளரும் என்றார், பிறகு 1990களில் உலகம் முன்னைப்போலவே பக்தியோடுதான் இருக்கிறது என்று தன் கருத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்டார். எனக்கு நம் ஊர் நிலவரத்தோடு அதிகம் ஒத்துப்போவதாகத் தெரிவது பிப்பா நோரிஸும் ரொனால்ட் இங்கில்ஹார்ட்டும் சொன்னது. பசி, நோய், திடீர் சாவு, வேலை போவது, முதுமையில் ஆளில்லாமல் கிடப்பது, இந்தப் பயங்கள் எங்கே குறைகின்றனவோ அங்கே இரண்டொரு தலைமுறையில் வழிபாடும் குறைகிறது என்பது அவர்கள் வாதம். சம்பளம் கூடுவதை அவர்கள் முக்கியமாகச் சொல்லவில்லை, விழுந்தால் தாங்க ஆள் இருக்கிறது என்ற உறுதியைத்தான் சொல்கிறார்கள். காசு இருந்தும் அந்த உறுதி இல்லாத அமெரிக்கா ஐரோப்பாவைவிட நெடுநாள் பக்தியோடு இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

இதை நம் கடற்கரையில் பார்க்கலாம். 2017 நவம்பர் 30 காலையில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்களின் ஆழ்கடல் ஆட்கள் கடலுக்குள் இருந்தார்கள். எத்தனை போட் போயிருக்கிறது, எதில் யார் இருக்கிறார், யாருடைய போன் கடைசியாக எப்போது எடுத்தது என்ற விவரத்தை ஒரு நோட்டில் எழுதி வைக்க முதலில் உட்கார்ந்த இடம் கத்தோலிக்கக் கோயிலின் அலுவலகம். பங்குத்தந்தை, ஊர்க் கமிட்டி ஆட்கள், கண்ணீரோடு நிற்கிற பெண்கள், ஒரு மேசை. அதிகாரிகளின் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் அதைத் தட்டிக் கேட்கக் கையில் இருந்தது அந்த நோட்டுதான். டிசம்பர் 7ல் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கில் போய் உட்கார்ந்து ரயிலை மறித்தார்களே, அந்தக் கூட்டத்தைத் திரட்டியதும் பங்குகள் வழியாகத்தான். 2004 சுனாமியில் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் பிணங்களை எடுத்து அடக்கியபோதும் ஊரைச் சேர்த்துப் பிடித்து நின்றது கோயில்தான். அந்த ஊர்களில் பிறந்த ஒரு பையனிடம் போய் மறைக்கல்வி ஏன் குறைகிறது என்று கேட்டுப் பாருங்கள், அவனுக்குக் கேள்வியே புரியாது. தன் அப்பாவைத் தேடிக் குரல் கொடுத்த இடத்தை யாரும் லேசில் விடுவதில்லை.

மேற்கு, நடு குமரிக்கு வந்தால் படம் வேறு. மார்த்தாண்டம், தக்கலை, நெய்யூர், நாகர்கோவில் என்று இந்தப் பக்கத்தில் சபை என்பது ஒரு காலத்தில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, போர்டிங், வேலைக்குச் சிபாரிசு, வழக்குத் தீர்க்கிற இடம் எல்லாமுமாக இருந்தது. அதற்கு மேல் மானமுமாக இருந்தது. இடுப்புக்கு மேலே துணி உடுத்தும் உரிமைக்காக இந்த மண்ணின் பெண்கள் 1820களிலிருந்து 1859 வரை அடி வாங்கினார்கள், திருவிதாங்கூர் அரசு 1859ல் ஆணை போட்டு இறங்கி வந்தது. அந்தக் காலத்திலேயே சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து கும்பிடு என்றார், கும்பிடுகிற இடத்தில் கண்ணாடியை வைத்து அதில் உன்னையே பார் என்றார். ஒடுக்கப்பட்ட ஒருவனுக்கு அன்று அதைவிடப் பெரிய அருள் எது? அவன் பேரன் எப்படி அதை விடுவான்? ஆனால் பேரனின் பேரனுக்கு அந்த அடியும் தெரியாது, அந்த விடுதலையும் தெரியாது. அவனுக்குப் பள்ளிக்கூடம் என்றால் ஃபீஸ் கட்டும் சிபிஎஸ்இ, ஆஸ்பத்திரி என்றால் இன்சூரன்ஸ் கார்டு அல்லது ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ். ஒவ்வொரு வேலையாகச் சபையின் கையிலிருந்து கழன்று வேறு இடத்துக்குப் போய்விட்டது. ஐரோப்பாவில் நடந்ததும் இதுதான், அங்கே அரசு அதை எடுத்துக்கொண்டது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கேலம் பிரவுன் என்ற வரலாற்றாளர் பிரிட்டனின் சரிவு 1960களில் பெண்கள் விலகியதோடுதான் வேகமெடுத்தது என்கிறார். பிள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி, உடுப்புப் போட்டு, ஓய்வுநாள் பள்ளிக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது அவர்கள்தான், அது நின்றதும் எல்லாம் நின்றது. நம் வீடுகளில் பாருங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு டிவியை அணைத்து ஜெபமாலைக்கு உட்கார வைப்பது யார்? திருவிளக்கு ஏற்றுவது யார்? அறுப்பின் பண்டிகைக்கு வீட்டில் விளைந்ததில் நல்ல குலை எது, முதல் முட்டை எது என்று எடுத்து வைப்பது யார்? அம்மாவும் பாட்டியும்தான். இன்று அந்த அம்மா நர்ஸாக இருந்தால் ஞாயிறு காலை அவளுக்கு டூட்டி, சனி இரவு டூட்டி முடிந்து வந்தவளாக இருந்தால் தூக்கம். பிள்ளைக்கு அதே நேரம் நீட் கோச்சிங். கைமாற்ற வேண்டிய கைக்கு நேரமில்லை. இதில் அவளைக் குறை சொல்ல எதுவும் இல்லை, இத்தனை நாளும் முழுச் சுமையையும் அவள் தலையில் வைத்திருந்தோம் என்பதுதான் இதில் வெளியே வருகிற உண்மை.

குடும்ப அளவும் சுருங்கிவிட்டது. ஆறு பிள்ளை பெற்ற வீட்டில் ஒன்றைக் குருமடத்துக்கும் ஒன்றைக் கன்னியர் மடத்துக்கும் கொடுத்தது ஒரு காலம். தமிழ்நாட்டின் கருவுறுதல் விகிதம் 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 1.8க்கும் சற்றுக் கீழே, குமரி இதில் நெடுங்காலமாகவே முன்னால் போகிற மாவட்டம். ஒற்றைப் பையனைச் சாமியாராக்க எந்த அம்மா மனம் வைப்பாள்? அயர்லாந்தில் முதலில் வற்றியது இந்த ஊற்றுதான், அதற்கப்புறம்தான் நிறுவனங்களில் குழந்தைகள் பட்ட கொடுமைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, எஞ்சியிருந்த மரியாதையையும் கொண்டுபோயின. அந்த விஷயத்தில் சபைகள் மறைத்ததுதான் மக்களை அதிகம் கசக்க வைத்தது. சபைச் சொத்து, சபைத் தேர்தல், கோர்ட் வழக்கு என்று நம் ஊரில் ஓடுகிற சண்டைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் இருபது வயதுப் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள் என்று பெரியவர்கள் யோசிக்க வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 2025ல் யோர்க் ஸ்டோல்ஸ் என்ற சுவிஸ் சமூகவியலாளரும் பியூவின் கான்ராட் ஹாக்கெட்டும் இன்னும் இருவரும் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் தரவை வைத்து ஒரு வரிசையைக் காட்டினார்கள். முதலில் குறைவது கூடி வழிபடப் போவது. அடுத்து, என் வாழ்க்கையில் மதம் முக்கியம் என்று சொல்வது. கடைசியில்தான் நான் இன்ன மதம் என்ற அடையாளம் விழும். ஆப்பிரிக்காவின் பல நாடுகள் முதல் படியில், ஐரோப்பா கடைசிப் படியில். இந்துக்களோ முஸ்லிம்களோ பெரும்பான்மையாக உள்ள நாடுகளில் மூன்றாம் படி நடக்குமா என்பதற்கு இன்னும் போதிய சான்று இல்லை என்றும் அவர்களே சொல்கிறார்கள்.

குமரியில் அந்த மூன்றாம் படி ஏறக்குறைய பூட்டப்பட்டிருக்கிறது. ஒரு ஆள் விலக நினைத்தால் எங்கே போவார்? கல்யாணத்துக்கு ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கப் பங்கு வேண்டும், பெண் கேட்டு வருகிறவன் முதலில் விசாரிப்பது "ஆர்சியா, சிஎஸ்ஐயா, பெந்தெகொஸ்தேயா, இந்துவா" என்றுதான். செத்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டும், சந்தா பாக்கி இருந்தால் அடக்கத்தன்றே பேச்சு வரும். குடும்பக் கோயில் கொடைக்கு வரி கொடுக்காதவன் பங்காளிகள் மத்தியில் தலைகாட்ட முடியாது. பள்ளி, கல்லூரி வேலை, சீட், தேர்தல் டிக்கெட் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. 2011 கணக்குப்படி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65%, கிறிஸ்தவர்கள் 46.85%, முஸ்லிம்கள் 4.2%. இப்படி ஏறக்குறைய சரிபாதியாக இருக்கிற இடத்தில் ஒவ்வொரு தலையும் எண்ணப்படுகிறது. 1982ல் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரத்துக்குப் பிறகு பல ஊர்களில் மதம் என்பது யார் பக்கம் என்பதாகவும் ஆகிவிட்டது. பல மதங்கள் பக்கம் பக்கமாக இருந்தால் எல்லாம் தளரும் என்று பெர்கர் நினைத்தாரே, இங்கே நேர் எதிராக நடந்தது, ஒவ்வொருவரும் வேலியை உயர்த்திக் கட்டினார்கள்.

ஜெர்மனியோடு ஒப்பிட்டால் இது தெளிவாகப் புரியும். அங்கே வேலைக்குப் போகிற நம் ஊர் நர்ஸ் முகவரி பதியும் அலுவலகத்தில் படிவம் நிரப்பும்போது மதம் என்ற கட்டத்தில் ரோமன் கத்தோலிக்கம் என்று எழுதுகிறாள். முதல் மாதச் சம்பளச் சீட்டில் வருமான வரிக்குக் கீழே இன்னொரு வரி பிடித்திருக்கும். அது சர்ச் வரி, கட்டுகிற வருமான வரியில் 8 அல்லது 9%. வேண்டாம் என்றால் அரசு அலுவலகத்திலோ கோர்ட்டிலோ போய் ஒரு கையெழுத்து, வெளியே வந்துவிடலாம். 2022ல் மட்டும் 5 லட்சத்துக்கும் அதிகமான கத்தோலிக்கர்கள் அப்படிக் கையெழுத்துப் போட்டார்கள். வெளியேற ஒரு கதவு இருப்பதால் அங்கே எண்ணிக்கை தெரிகிறது. இங்கே கதவு இல்லை, அதனால் தெரிவதில்லை. ஞாயிறு எங்கே போகிறார் என்பதும் சான்றிதழில் என்ன இருக்கிறது என்பதும் வேறுவேறாக இருக்கிற வீடுகள் இங்கே உண்டு, கிறிஸ்தவரானால் பட்டியல் சாதித் தகுதி போய்விடும் என்ற 1950ம் வருஷத்து உத்தரவு அதற்கு ஒரு பெரிய காரணம். ஆகவே அடுத்து வரும் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மத விகிதம் எப்படி வந்தாலும், அதை வைத்து டிவியில் என்ன சண்டை நடந்தாலும், வழிபாடு கூடியதா குறைந்ததா என்பது அதிலிருந்து தெரியவே தெரியாது.

கூட்டத்தை வைத்தும் அளக்க முடியாது. 2022 ஜூலையில் திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளுக்கு 400 வருஷத்துக்கு மேல் கழித்துக் கும்பாபிஷேகம் நடந்தபோது ரோடு கொள்ளாத கூட்டம். அதே வருஷம் மே 15ல் நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளையை ரோமில் புனிதராக அறிவித்தபோது ஆரல்வாய்மொழி காற்றாடிமலையிலும் கூட்டம். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் மண்டைக்காடு கொடைக்கும் என்றைக்கும் குறைவில்லை. திருவிழா வளர்கிறது, பந்தல் பெரிதாகிறது, கல்ஃபில் இருப்பவன் ஜிபேயில் வரி போட்டுவிடுகிறான். நான் பார்க்கச் சொல்வது வேறு இடங்களில். சுடலைக்குக் கோமரத்தாடியாக ஆடின பெரியவருக்குப் பிறகு ஆட அவர் மகன் வருகிறானா, பெங்களூரில் ஐடியில் இருக்கிறானா? விடிய விடிய நடந்த வில்லுப்பாட்டு ராத்திரி பதினோரு மணிக்கு முடிந்து அதற்குப் பதில் செண்டைமேளமும் டிஜேயும் வந்துவிட்டதா? அய்யாவழிக்காரர்கள் கும்பிடும் நிழல்தாங்கலில் பதினேழு நாள் திருஏடு வாசிக்கிறார்களே, அந்த ராகத்தோடு வாசிக்கத் தெரிந்த முப்பது வயதுக்குட்பட்டவர் ஊரில் எத்தனை பேர்? தக்கலை பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சியை இரவு முழுக்கப் பாடுகிற வரிசையில் சின்னப் பையன்கள் உட்கார்ந்திருக்கிறார்களா? ஓய்வுநாள் பள்ளி வருகைப் பதிவேட்டில் எட்டாம் வகுப்புக்குப் பிறகு பெயர்கள் எங்கே போகின்றன?

எங்கள் சபையில் காலை ஆராதனைக்கு முன்வரிசையில் உட்காருகிறவர்களைச் சொல்கிறேன். பெரும்பாலும் அறுபது தாண்டிய அம்மாமார். சேலை முந்தானையில் முடிந்து வைத்த காணிக்கை, மடியில் அட்டை கிழிந்து துணி ஒட்டிய பாட்டுப் புத்தகம், பாட்டு நம்பர் சொல்வதற்குள் பக்கத்தைத் திறந்துவிடுவார்கள். அவர்களுக்கு அந்தப் புத்தகம் தேவையே இல்லை, எல்லாம் மனப்பாடம். பின்வரிசையில் இளம்பிள்ளைகள், புத்தகம் கொண்டுவருவதில்லை, திரையில் வரிகள் ஓடுகின்றன. ப்ரொஜெக்டர் ஒரு ஞாயிறு கெட்டுப்போனால் பின்வரிசை மௌனமாகிவிடும். எனக்குக் கவலை தருவது இந்த மௌனம்தான். பாட்டு போனால் மதம் போய்விடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எழுபது வயதில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கண் மங்கிக் கிடக்கும்போது உள்ளிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருப்பதற்கும் இல்லாமல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை என் சொந்த வீட்டில் பார்த்திருக்கிறேன்.

ஐரோப்பாவுக்கும் நமக்கும் உள்ள பெரிய வித்தியாசத்தையும் இங்கேயே சொல்ல வேண்டும். அங்கே ஓய்வூதியம், இலவச மருத்துவம், முதியோரை வீட்டில் வந்து பார்க்கிற பணியாளர் எல்லாம் முதலில் வந்தன, அப்புறம்தான் சர்ச் காலியாயிற்று. விழுகிறவனைப் பிடிக்க வேறு கை இருந்தது. நமக்கு வரிசை தலைகீழாக வருகிறது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், இருக்கிற பிள்ளைகளும் துபாயிலும் டப்ளினிலும் இருக்கிறார்கள், மூன்று மாடி வீட்டில் எண்பது வயது அப்பச்சி தனியாக. மாநில அரசின் முதியோர் உதவித்தொகை 2023ல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. இன்று அப்பச்சியைப் பார்க்க வருவது யார் என்றால் பங்கின் சிறு குழுவான அன்பியத்துப் பெண்கள், சபை மாதர் சங்கம், தாங்கலில் கஞ்சி வார்க்கிறவர்கள், குடும்ப ஜெபத்துக்கு வருகிற பக்கத்து வீட்டார். காலையில் கதவு திறக்கவில்லை என்பதை முதலில் கவனிப்பது அவர்கள். அந்தப் பெண்களுக்கும் வயதாகிறது. அவர்களுக்குப் பின்னால் வர வேண்டியவர்கள் வரவில்லை என்றால், அரசும் வராத, சபையும் இல்லாத ஒரு இடைவெளியில் ஒரு முழுத் தலைமுறை முதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். நம்பிக்கை உண்டா இல்லையா என்பது அவரவர் பாடு. ஆனால் இந்த இடைவெளி நம்பினவனுக்கும் நம்பாதவனுக்கும் பொதுவானது. குருமாரும் கோயில் கமிட்டிகளும் புதுக் கோபுரத்துக்கும் கொடிமரத்துக்கும் பிரிக்கிற பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் என்ன என்று நான் வெளிப்படையாகவே கேட்கிறேன்.

இன்னொரு விஷயம், குமரியின் அடுத்த தலைமுறை பற்றிய பதில் குமரிக்கு வெளியே முன்னாலேயே தெரிந்துவிடலாம். அயர்லாந்தில் இருக்கிற நம் ஊர் நர்ஸுகளின் பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்கிறார்கள். அங்கே தொடக்கப்பள்ளிகளில் பத்துக்கு ஒன்பது ஏறக்குறைய கத்தோலிக்க நிர்வாகத்தில் இருப்பதால் புதுநன்மை (முதல் நற்கருணை) எடுப்பது இரண்டாம் வகுப்பில் வகுப்போடு நடக்கிற ஒரு விழா. வெள்ளை உடுப்பு, போட்டோ, விருந்து, அதோடு பெரும்பாலான ஐரிஷ் பிள்ளைகள் பூசைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். அந்த வகுப்பிலேயே கருங்கல்லிலிருந்தோ முளகுமூட்டிலிருந்தோ போன ஒருத்தியின் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது. வாரம் ஒருமுறை வீடியோ காலில் பாட்டி கேட்கிறாள், "மக்களே, பூசைக்குப் போனியா?" பிள்ளைக்குப் பதிலாக அம்மா சொல்கிறாள், "எனக்கு டூட்டிம்மா, அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறேன்." ஓலை வாசிக்க ஆளில்லாத, கல்லறை இடத்துக்கு யாரும் சந்தா கேட்காத, பங்காளிகள் பார்க்காத ஊர் அது. அங்கே அந்தப் பிள்ளை பதினெட்டு வயதில் எங்கே நிற்கும் என்பதில், நம்மிடம் கட்டாயத்தால் நின்றது எவ்வளவு, உண்மையிலேயே சொல்லிக்கொடுத்து நின்றது எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.